சுவரில் தொங்கிய முதலமைச்சர்

இன்னும் வரவில்லை. ஆற்றுப் பாலம் இடிந்து விழுந்தாகிவிட்டது, பாலத்தைக் கட்டின கான்ட்ராக்டரை யாரோ சிமெண்டுக் கலவைக்குள் தலைகீழாக முக்கியாகிவிட்டது, ஹீரோ போலீஸ் உடுப்போடு மூன்றாவது மாடியிலிருந்து குதித்து, குதித்த வேகத்திலேயே நாலு பேரை உதைத்து, கொட்டகை முழுக்க விசிலும் வாங்கியாகிவிட்டது; அது மட்டும் இன்னும் வரவில்லை. வராமலே போனாலும் போகும், எடுத்ததை எல்லாமா வைக்கிறார்கள், பாதிக்கு மேல் வெட்டித்தான் எறிவார்களாம் என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டு, திருப்பூரில் அந்தப் பழைய தியேட்டரின் கிழிந்த நாற்காலியில் வைரவன் ஒரு பக்கமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி பஞ்சவர்ணம். மடியில் மஞ்சள் பை, பைக்குள் பத்திரிகையும் வெற்றிலை பாக்கும், முகத்தில் அப்படி ஒரு களை. காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி வந்தது என்னவோ அவள் தம்பிக்குப் பத்திரிகை வைக்கத்தான். அடுத்த வெள்ளிக்கிழமை திருக்கடையூரில் வைரவனுக்கு அறுபதாம் கல்யாணம். தாய்வீட்டுச் சீர் வராமல் பஞ்சவர்ணம் இரண்டாம் தாலிக்குக் கழுத்தை நீட்ட மாட்டாள். வந்து பார்த்தால் தம்பி ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகப் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தான், மத்தியானம்தான் வருவானாம், வீடு பூட்டிக் கிடந்தது. சரி, ஒரு டீயைக் குடித்துவிட்டு எங்காவது நிழலில் உட்காருவோம் என்று திரும்பி நடந்தபோதுதான் அந்தப் பாழாய்ப்போன சுவரொட்டி கண்ணில் பட்டது, அதுவும் அவர் கண்ணில் படாமல் அவள் கண்ணில், காரைக்குடியில் ஷூட்டிங் நடந்த வீட்டு வாசலும் ஹீரோ மூஞ்சியுமாக. "ஏங்க, உங்க படம்ங்க!" என்று நடுரோட்டில் நின்று அவள் போட்ட கூப்பாட்டில் ஒரு ஆட்டோக்காரன் பிரேக் போட்டான். இந்திப் படம்டி, உனக்கு ஒரு மண்ணும் புரியாது, தலைவலிதான் மிஞ்சும் என்று வைரவனும் சொல்லிப் பார்த்தார். "அவுக பேசுறது எனக்கு எதுக்குப் புரியணும்? நீங்க வர்றது தெரிஞ்சாப் போதாதா?" என்றாள். வைரவன் டிக்கெட் எடுத்தார்.

இந்தப் படம் தமிழ்நாட்டுக்குள் வரும் என்று எவன் கண்டான். பம்பாயில் ஓடும், டெல்லியில் ஓடும், அங்கே யாருக்கு வைரவனைத் தெரியும் என்றுதானே அன்றைக்குத் தலையை ஆட்டினார். காரைக்குடியில் இந்திப் படம் போடுகிற கொட்டகையே கிடையாது, அந்த தைரியம்தான். திருப்பூரில் பாதி ஊர் இப்போது இந்திக்காரர்கள் என்பதும், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கொட்டகை நிறைய வந்து உட்கார்ந்து விசிலடிப்பார்கள் என்பதும் அண்டா அடுப்போடு காலம் தள்ளினவருக்கு எப்படித் தெரியும். அவர் சமையல் கான்ட்ராக்டர். கல்யாணம், காது குத்து, வளைகாப்பு என்று ஆயிரம் இலை போட்டாலும் கை நடுங்காது. செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பிடித்து அந்தப் படக் கம்பெனிக்காரர்கள் ஷூட்டிங் நடத்தியபோது சாப்பாடு அவர் பொறுப்பில் வந்தது. கதைப்படி அந்த வீடு வடநாட்டு மந்திரி ஒருத்தனுடைய வீடாம். இதோ, திரையில் அதே வீடு, அதே பர்மா தேக்குத் தூண், கீழே ஓடுகிற எழுத்து என்னவோ வேறு ஊர்ப் பெயர். அந்தத் தூணுக்குப் பின்னால் திரும்பினால் இரண்டாம் கட்டு முற்றத்தில் அவர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்று இங்கே யாருக்குத் தெரியும். வில்லன் வந்துவிட்டான். வெள்ளை வேட்டி மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு, கண்ணை உருட்டி, ஒரு கிழவனைக் காலால் எத்துகிறான். பாவம், நிஜத்தில் என்ன தங்கமான மனுஷன். குழிப்பணியாரம் என்றால் உயிரை விடுவார், ஒவ்வொன்றுக்கும் வைரவன்ஜி, வைரவன்ஜி என்று கூப்பிட்டு, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். ஹீரோதான் ஆகாத பயல். உப்புப் போடாமல் முட்டையின் வெள்ளையை மட்டும் அவித்துக் கொடு என்பான், மஞ்சளை எல்லாம் யார் தலையில் கொட்டுவது. உப்பில்லாமல் தின்றவனுக்கு எங்கிருந்து ரோஷம் வரும், ஆனால் படத்தில் பார், ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது.

அந்த வில்லனுக்கு அப்பா வேண்டியிருந்தது, அதுதான் சனியன் பிடித்த இடம். உயிரோடு நடமாடுகிற அப்பா இல்லை, சுவரில் தொங்குகிற அப்பா. வடநாட்டிலிருந்து கொண்டுவந்த போட்டோ எங்கேயோ உடைந்துபோய், செட் போடுகிற ஆள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, சாம்பார் வாளியோடு வைரவன் குறுக்கே போனார். அந்த ஆள் அவருடைய மீசையைப் பார்த்தான், நெற்றியைப் பார்த்தான், மோவாயைப் பிடித்து இடமும் வலமும் திருப்பி மாடு பிடிக்கிறவன் போல் பார்த்தான். வாளியைக் கீழே வைக்கச் சொல்லி, வெள்ளைக் குர்த்தா மாட்டி, சால்வை போட்டு, தலையில் ஒரு குல்லாவும் வைத்து, கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்யச் சொன்னான். வைரவன் செய்தார். நமக்குள்ளும் ஒரு மந்திரி இருந்திருக்கிறான், அடுப்புப் புகையில் இத்தனை நாள் தெரியவில்லை என்று அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பஞ்சவர்ணத்திடம் சொன்னார்: "மந்திரிக்கும் மேல. முதல் மந்திரி." அவள் பால்காரியிடம் சொன்னாள், பால்காரி தெருவுக்குச் சொன்னாள். மறுநாள் காபித் தூக்கோடு கூடத்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆள் உயரத்துக்கு அவர் முகம். கழுத்திலிருந்து தொடை வரைக்கும் சந்தனமாலை. நெற்றியில் பெரிய பொட்டு. மேலே சிவப்பு பல்பு மினுக் மினுக் என்று எரிகிறது. கீழே ஊதுபத்தி. சென்னையிலிருந்து வந்த மேனேஜரை ஓரமாக இழுத்துப்போய், "தம்பி, இந்தாளு செத்துட்டாரா?" என்று கேட்டார். "எக்ஸ் சி.எம்.ண்ணே" என்றான் அவன். "எக்ஸுன்னா செத்துட்டாரா?" "அண்ணே, இந்த வீட்டுக்கே நீங்கதாண்ணே பெரியவரு. நாப்பது சீன்ல வர்றீங்க. ஹீரோவே நாப்பது சீன்தான்." நாற்பது சீன் என்றதும் மனசு கொஞ்சம் இளகிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பஞ்சவர்ணத்திடம் மாலையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது. அதற்கு ஒரு மாசம் முன்புதான் ஜோசியர் வாயைத் திறந்து, அறுபது முடிகிற வரைக்கும் ஐயாவுக்கு ஒரு கண்டம் இருக்கிறது, தாண்டிவிட்டால் எண்பது வரைக்கும் கவலை இல்லை என்று சொல்லித் தொலைத்திருந்தார். அன்றிலிருந்து பஞ்சவர்ணம் அவரை ஏணியில் ஏறவிடுவதில்லை, கிணற்றை எட்டிப் பார்க்கவிடுவதில்லை, மோட்டார் சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டாள். பதினாறாம் நாள் காரியச் சமையல் ஒன்று வந்தது, கையோடு வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டாள். வீட்டுச் சுவரில் மாலை போட்ட அவருடைய அப்பா படத்துக்குப் பக்கத்தில் இவர்களுடைய கல்யாணப் படம் ரொம்ப காலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிக் கொண்டுபோய் சமையலறையில் மசாலா டப்பாக்களுக்கு மேலே மாட்டினாள். "வரிசையில நிக்க வேணாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், மூக்கைச் சிந்திக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். அப்படிப்பட்டவளிடம் போய், ஆள் உயரத்துக்கு எனக்கு மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்தினார்கள், நானே கையைத் தூக்கி நின்று கொடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது. இப்போது அதை அவளே பார்க்கப் போகிறாள். பார்த்ததும் மயங்கி விழுவாளா, கூப்பாடு போடுவாளா, கல்யாணமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று தாலியைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாளா. கடைசி ஒன்றுதான் அவருக்குத் தாங்காது.

வந்துவிட்டது. வில்லன் சோபாவில் உட்கார, எவனோ ஒரு தொழிலதிபன் பெட்டியை நீட்ட, வில்லன் தலைக்கு மேலே, மங்கலாக, கலங்கின தண்ணீருக்குள் தெரிவது போல, அவர். மாலை தெரிகிறது, பல்பு தெரிகிறது. பஞ்சவர்ணத்தைத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் அவள் பையின் காதை மட்டும் பார்த்தார். பை ஆடவில்லை. இப்போது கேமரா வில்லனை விட்டுவிட்டு மெதுவாக மேலே ஏறுகிறது, ஏறாதேடா, ஏறாதே, ஏறிவிட்டது. மீசையின் ஒவ்வொரு மயிரும் தெரிகிற மாதிரி வைரவன், ஒரு பஸ் அகலத்துக்கு வைரவன், கையைத் தூக்கி அத்தனை பேரையும் ஆசீர்வதிக்கிறார். வில்லன் பெட்டியைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டு, இந்தியில் ஏதோ சொல்கிறான். அப்பா, உங்க புண்ணியம் என்றுதான் இருக்கும். அடப்பாவி, பாலத்தை இடித்த காசை என் காலடியிலா வைக்கிறாய். ஊரில் எலக்‌ஷனுக்கு எலக்‌ஷன் வீட்டுக்கு வந்து கவரை நீட்டுகிறவனிடம் கூட வேண்டாம் தம்பி என்று சொன்ன கை இது. பஞ்சவர்ணம் அப்புறம் பின்வாசல் வழியாகப் போய் வாங்கிக்கொண்டாள், அது வேறு கதை. அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். பஞ்சவர்ணம் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. தெரியவில்லையா. கண்ணாடியைப் போடவில்லையோ. ஆமாம், கண்ணாடி பத்திரிகைக்கு அடியில் பையில் அல்லவா இருக்கிறது. குர்த்தாவும் குல்லாவும் சால்வையும் போட்டால் யாருக்குத்தான் அடையாளம் தெரியும், முதலில் பார்த்தபோது எனக்கே தெரியவில்லையே. முருகா, காப்பாற்றிவிட்டாய், அடுத்த பால்குடம் உனக்குத்தான்.

ஆனால் நெஞ்சு ஏன் இப்படி இடது பக்கமாகப் பிசைகிறது. கரூரில் இறங்கித் தின்ற பூரிதான், அது எத்தனாவது நாள் எண்ணெயோ, வாயில் வைக்கும்போதே தெரிந்தது, இருந்தும் தின்றார். பூரியாகத்தான் இருக்க வேண்டும். போட்டோவுக்கு மாலை போட்டால் ஆள் போய்விடுவானா என்ன, அப்படியென்றால் சினிமாவில் சாகிறவன் எல்லாம் வரிசையாகச் சுடுகாட்டுக்குப் போக வேண்டியதுதான். அவனவன் படத்துக்குப் படம் செத்துக் கார் வாங்குகிறான். இல்லை, அவர்கள் செத்தால் எழுந்து வந்து டீ குடிக்கிறார்கள், நான் எழுந்து வரவே இல்லையே, தொங்கிக்கொண்டே அல்லவா இருக்கிறேன், இன்னும் எந்தெந்த ஊர்க் கொட்டகையில் எத்தனை நாள் தொங்க வேண்டுமோ. இடது கை மரத்துப் போகிறதா? விரலை மடக்கிப் பார்த்தார். மடங்கியது. நாற்காலிக் கை உடைந்திருந்ததால் முழங்கை அமுங்கி மரத்திருந்தது, அவ்வளவுதான். மறுபடி பெட்டி வருகிறது, மறுபடி காலடி, மறுபடி கும்பிடு. இது நாலாவது பெட்டியோ ஐந்தாவதோ. மணல் காசு, மருந்து காசு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முட்டைக் காசு என்று ஒன்று விடாமல் எல்லாம் அவர் காலுக்குத்தான் வந்து சேருகிறது. ஹீரோ ஒரு கூட்டாளியைப் புரட்டி எடுக்கும்போது கொட்டகை கத்துகிறது, வில்லன் தப்பிக்கும்போது கொட்டகை வைகிறது, அந்த வசவில் பாதி தன் மேல் விழுவது போல வைரவன் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். முறைப்படி விசாரித்தால் நான்தான் முதல் குற்றவாளி, என் ஆசீர்வாதத்தில்தானே எல்லாம் நடக்கிறது.

பஞ்சவர்ணம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகம் திரையில் வருவது இது பத்தாவது தடவையாக இருக்கும், ஒரு தடவை முழு நிமிஷம் நின்றது, கண்ணாடி இல்லாவிட்டால் என்ன, மாட்டுக் கொட்டகை அளவுக்குத் தெரிகிற மூஞ்சியை ஒரு பெண்டாட்டிக்கு அடையாளம் தெரியாதா. கல்யாண வீட்டில் ஆயிரம் பேர் நடுவில் எவளாவது தன்னுடைய எவர்சில்வர் டம்ளரை மாற்றி எடுத்துவிட்டால் அது கையில் இருக்கிற விதத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவள். டம்ளரைத் தெரிகிறது, புருஷனைத் தெரியவில்லை. மீசையையாவது தெரிய வேண்டாமா. முப்பத்தைந்து வருஷம் இந்த மீசைக்குத் தேங்காய் எண்ணெய் யார் எடுத்துக் கொடுத்தது. வைரவனுக்கு மெதுவாகக் கோபம் வந்தது, பயந்த பயமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. குல்லாவை வைத்ததும் அந்நியன் ஆகிவிட்டேனா. நாளைக்கு நான் நிஜமாகவே போய்ச் சேர்ந்து, சுவரில் ஒரு படம் தொங்கினால், அதற்குக் கீழே நின்று இது யாரு என்று கேட்பாளோ. திரும்பி நேராகவே பார்த்தார். தூங்குகிறாள்! கண்ணை மூடி, தலையை லேசாகக் குனிந்து, உதடு பிரிந்து பிரிந்து மூட, நிம்மதியாகத் தூங்குகிறாள். உங்க படம்ங்க என்று ஊரைக் கூட்டினவள், திரை முழுக்கப் புருஷன் நிற்கும்போது தூங்குகிறாள். எழுப்பிவிடலாமா என்று கூட ஒரு கணம் கை போனது. இந்தா, பாருடி, நான்தான், மாலையும் கழுத்துமா நான்தான், நல்லாப் பாரு. அதற்குள் இடைவேளை விட்டு விளக்குப் போட்டுவிட்டார்கள்.

வைரவன் துண்டை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டார், பார்த்தவர்கள் ஜலதோஷம் என்று நினைத்திருப்பார்கள். சமோசா வாசனை, பாக்குத் தூள் வாசனை, ஒரே இந்திச் சத்தம். பஞ்சவர்ணம் கண்ணைத் திறந்தாள். பையைச் சரிசெய்தாள். அவர் பக்கம் திரும்பாமலே, சந்தைக் கடையில் விலை கேட்கிற குரலில், "அது சந்தன மாலையா, பிளாஸ்டிக்கா?" என்று கேட்டாள். "சந்தனம்... சந்தனம் மாதிரி" என்றார். "எப்பப் பாத்தே?" "எப்பப் பாத்தேனா? மொதல்ல மசமசன்னு வந்துச்சுல்ல, அப்பவே பாத்துட்டேன். உங்க மூஞ்சி எனக்குத் தெரியாதா?" என்றாள். "அப்புறம் ஏன் தூங்கினே?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், அவள் திரும்பினாள், கண் இரண்டும் சிவந்திருந்தது. "தூங்குனேனாக்கும். சஷ்டி கவசம் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு தடவ நீங்க வரும்போதும் மொதல்லருந்து ஆரம்பிக்கிறேன். முடிக்க விடுறானா அந்தப் பய, பெட்டிய வாங்கிக்கிட்டு வாங்கிக்கிட்டு ஓடியாறான்!" வைரவனுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது, அடையாளம் தெரிந்துவிட்டதே என்று உள்ளுக்குள் எங்கோ ஒரு அல்ப சந்தோஷமும் இருந்தது. "வா, எந்திரி, போயிருவோம்" என்றார். அவள் அசையவில்லை. "பாதியில போனா அது பாட்டுக்குத் தொங்கும். முடிவு என்னன்னு தெரிய வேணாமா?"

அவளுக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் ஒரு வடநாட்டு ஆள், கைக்குழந்தை மடியில் தூங்க, மனைவியோடு உட்கார்ந்திருந்தான். பெயர் ராம்பிரவேஷ் என்றான், பனியன் கம்பெனியில் தையல், எட்டு வருஷமாகத் திருப்பூர், தமிழ் தண்ணீராக வந்தது. பஞ்சவர்ணம் அவனிடம் கதை கேட்டாள். "அதுங்கம்மா, மந்திரி மோசமான ஆளுங்க, ஊர்ப் பணம் எல்லாம் திங்கிறான். போலீஸ்காரர் அவன ஒழிக்கணும்னு சத்தியம் பண்ணியிருக்காருங்க. அந்த வீட்டுக்குள்ள புகுந்து ஒரு சாமான் விடாம ஒடைப்பேன்னு சொல்லியிருக்காருங்க." "ஒரு சாமான் விடாமயா?" என்றாள் பஞ்சவர்ணம். "செவுத்துல இருக்கிற போட்டோவையுமா?" அவன் யோசித்தான். "எல்லாம் ஒடச்சா அதுவும் ஒடையுமுங்க." அவள் அப்படியே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வைரவன் காதோரமாகச் சாய்ந்து, "கேட்டீகளா? போட்டோவ ஒடச்சு மாலைய அத்துட்டான்னா போதும். பூசணிக்கா ஒடச்ச மாதிரி. கண்டம் அதோட போயிரும்" என்றாள். என்ன கணக்கு இது, யார் சொன்னது, எந்த ஜோசியன் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்க வைரவனுக்கு வாய் வந்தது. ஆனால் நெஞ்சில் அந்தப் பிசைவு சட்டென்று இளகினதையும் அவர் கவனித்தார். உடைக்கட்டும். முட்டை வெள்ளை தின்கிற பயலாக இருந்தாலும் கையில் பலம் இருக்கிறது, உடைப்பான்.

பிற்பாதியில் அந்தக் கொட்டகையில் ஹீரோவுக்கு அவர்கள் இருவரைப் போல் உருகினவர்கள் கிடையாது. அவன் அடிபட்டு ரத்தம் கக்கினபோது பஞ்சவர்ணம் "ஐயோ, எந்திரிய்யா, எந்திரி" என்று சத்தமாகவே சொன்னாள். பாட்டு வந்து அவன் ஒரு பெண்ணோடு பனிமலையில் ஆடினபோது, வேலையைப் பார்க்காமல் என்ன ஆட்டம் இது என்று வைரவனுக்கே பொறுமை போய்விட்டது. உப்பில்லாமல் அவித்துக் கொடுத்ததற்கு வைத வசவையெல்லாம் மனசுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டார், அடுத்த முறை வந்தால் நாட்டுக்கோழி முட்டையாகவே அவித்துக் கொடுப்பார், மஞ்சளை அவரே தின்றுகொள்வார். நடுவில் கோர்ட்டு ஒன்று, சாட்சி ஒன்று, யாரோ ஒரு கிழவி அழுதுகொண்டே நீளமாக என்னவோ சொல்ல, கொட்டகையே உச்சுக்கொட்டியது. ராம்பிரவேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவனைக் கேட்கவும் முடியவில்லை. அதனால் என்ன, ஹீரோ ஜீப்பை எடுத்துவிட்டான், அந்த வீட்டுக்குத்தான் போகிறான். வாசல் கதவு போயிற்று. ஊஞ்சல் போயிற்று. சரவிளக்கு விழுந்தது, பெல்ஜியம் கண்ணாடி சுக்குநூறு. அதெல்லாம் டூப்ளிகேட், நிஜக் கண்ணாடியை வீட்டுக்காரர் முதல் நாளே கழற்றி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார் என்று வைரவன் அவசரமாகச் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. வில்லன் தூணில் மோதி விழுந்தான், ஒருவழியாகச் செத்தான். கூடத்தில் இனி உடையாத சாமான் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. ஹீரோ தள்ளாடிக்கொண்டே அதற்கு எதிரில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தான். கையில் துப்பாக்கி. "போடு" என்றாள் பஞ்சவர்ணம். "போடுடா தம்பி" என்றார் வைரவன். தன் நெற்றிக்கு நடுவில் அவன் குறி பார்க்கட்டும் என்று இரண்டு கையாலும் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷன் வேண்டிக்கொள்கிற நாளும் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

ஹீரோ துப்பாக்கியைக் கீழே வைத்தான். சட்டைக் கையால் போட்டோவின் கண்ணாடியைத் துடைத்தான். கோணலாகக் கிடந்ததை நேராக்கினான். பழைய சந்தன மாலையைக் கழற்றினான், பஞ்சவர்ணத்துக்கு மூச்சு வந்தது. பின்னாலிருந்து அந்தக் கிழவி ஒரு ரோஜா மாலையை நீட்டினாள், ஆள் உயரத்துக்கு, தடியாக, தண்ணீர் சொட்டச் சொட்ட. அதை வாங்கிப் போட்டான். விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். ராம்பிரவேஷ் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "அவரு ரொம்ப நல்ல முதல் மந்திரியாமுங்கம்மா. ஒரு பைசா வாங்காத மனுஷன். பையனே விஷம் வெச்சுக் கொன்னுட்டானாம்." வைரவனுக்கு ஒரு கணம் மார்பு விம்மியது, பெட்டிகளுக்கெல்லாம் நான் பொறுப்பில்லை, நான் நல்லவன்! அடுத்த கணமே பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்தார். பஞ்சவர்ணம் நடைபாதையில் இறங்கித் திரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள், சேலைத் தலைப்பு தரையில் இழுபட, வீட்டுக்குள் மாடு புகுந்துவிட்டால் போகிற வேகத்தில். பையைத் தூக்கிக்கொண்டு வைரவன் பின்னாலேயே ஓடினார். துண்டு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

திரையில் ரோஜா மாலையோடு அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது, அதன் மேல் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அதற்கு அடியில் பஞ்சவர்ணம் குட்டையாக நின்று, கையை நீட்டி, அவள் நிழல் மாலையின் நுனியில் விழ, கத்தினாள்: "கழட்டுங்கடா அத! ஆளு இந்தா குத்துக்கல்லு கணக்கா நிக்கிறாக, யாருக்குடா மாலை போடுறீக? அடுத்த வாரம் எங்களுக்குக் கல்யாணம்டா!" வைரவன் அவள் தோளைப் பிடித்தார். அவள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது, இத்தனை மாசமாக ஏணிக்கும் கிணற்றுக்கும் பயந்த பயம் மொத்தமும் அந்தத் தோளில் இருந்தது, எனக்கு ஒரு கண்டமும் இல்லை, கண்டமெல்லாம் இவளுக்குத்தான், இவள்தான் தினமும் அதைத் தாண்டிக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. விளக்குப் போட்டுவிட்டார்கள். எழுந்து வாசலுக்குப் போய்க்கொண்டிருந்த கூட்டம் நின்று திரும்பியது. மேலே பார்த்தது, கீழே பார்த்தது, மறுபடி மேலே பார்த்தது. அதே மீசை, அதே நெற்றி, குல்லா மட்டும் இல்லை. முதலில் ராம்பிரவேஷ்தான் குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கையைத் தூக்கிக் கத்தினான், "ஜிந்தா ஹை!" பின்னால் இன்னொருத்தன், அப்புறம் ஒரு வரிசை, அப்புறம் கொட்டகை முழுக்க, "ஜிந்தா ஹை! ஜிந்தா ஹை!" என்று விசிலும் கைதட்டலுமாக இறங்கி வந்தார்கள். ஒருத்தன் குனிந்து காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், இன்னொருத்தன் செல்போனைத் தூக்கிப் பிடித்தான். வைரவனுடைய கை பழக்கதோஷத்தில் ஆசீர்வாதம் செய்யத் தானாக உயர்ந்தது. பஞ்சவர்ணம் மிரண்டுபோய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க சொல்றாக? வையிறாகளா?"

"இல்லைங்கம்மா" என்றான் ராம்பிரவேஷ், மூச்சு வாங்கிக்கொண்டு. "உயிரோட இருக்காரு, உயிரோட இருக்காருன்னு சொல்றாங்க."

பஞ்சவர்ணம் அவனைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். மேலே தொங்குகிற முகத்தை ஒரு தடவை முறைத்துப் பார்த்துவிட்டு, முன்னால் நின்ற முகத்தைப் பார்த்தாள். தாலியை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பினாள்.

"இன்னொரு தடவ சொல்லச் சொல்லு தம்பி. எல்லாரையும் சேந்து சொல்லச் சொல்லு."